கைராசிக்காரரும் மேனேஜரம்மாவும்

கைராசிக்காரர் என்றோர் இனம் உண்டு. டாக்டர் இனம் வேறு, இது வேறு. டாக்டருக்குப் படிப்பு வேண்டும், பட்டம் வேண்டும், யாருக்கும் புரியாமல் கிறுக்குவதற்கு ஒரு பேனாவாவது வேண்டும். கைராசிக்காரருக்கு ஒரு கை போதும். அந்தக் கையால் எடுத்துக் கொடுத்த தண்ணீரில் விக்கல் நிற்கும், நட்டு வைத்த குச்சி துளிர்க்கும், நின்றுபோன கடிகாரம் ஒரு தட்டுத் தட்டினால் ஓடும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பேசுகிறவர் அவர்தான். நட்டு வைத்துப் பட்டுப்போன குச்சிகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "நட்டது நான். அதுக்கப்புறம் தண்ணி ஊத்துனது யாரு? அவங்களைக் கேளுங்க!" என்பார்.

இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். நாலு பேர் இருக்கும் இடத்தில் ஒரு தும்மல் போடுங்கள். தள்ளி உட்காருகிறவர் புத்திசாலி. "என்னாச்சு?" என்று கேட்கிறவர் நல்லவர். "ஒண்ணும் பயப்படாதீங்க, நான் ஒண்ணு தர்றேன், என் கையால ஒரு வாய் வாங்கிக்கங்க" என்று சட்டைப் பையைத் துழாவுகிறார் பாருங்கள், அவர்தான் நம் ஆள். மறுநாள் ஜலதோஷம் போனால் அது அவர் கை. போகாவிட்டால் அது உங்கள் உடம்பு.

இந்த இனத்தில் ஒரு நல்ல ஜாதி மாதிரியைச் சொல்கிறேன். மனிதர் தபால் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் கடிதங்களுக்கு முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். டக் டக்கென்று அவர் குத்திய குத்தில் மேஜைக்கால்கள் வருஷத்துக்கு ஒரு விரற்கடை தரைக்குள் இறங்கி, கடைசி வருஷம் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வேலை பார்த்தார் என்று சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த மேஜை இன்றைக்கும் முழங்கால் உயரம்தான் இருக்கிறது. பிறகு உங்கள் இஷ்டம்.

இப்படிச் சாதுவாக முத்திரை குத்திக்கொண்டிருந்தவரைக் கைராசிக்காரர் ஆக்கியது ஒரே ஒரு வாக்கியம். பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா, மகளுடைய வேலை விண்ணப்பத்தை ஒருநாள் அவரிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொன்னார். மகள் ராத்திரி பகலாய்ப் படித்தவள், பரீட்சையில் முதலாவதாக வந்தவள், வேலை கிடைத்தது. தையற்காரம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, உபசாரமாக, "எல்லாம் உங்க கைராசி அண்ணே!" என்றார்.

சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவர் மறப்பாரா? அன்று முதல் அவருடைய வலது கை தனிப் பிறவி ஆகிவிட்டது. இடது கை பை தூக்கும், கதவு திறக்கும், கொசு அடிக்கும். வலது கை தெருவின் நன்மைக்காக ஓய்வெடுக்கும். தெருவில் யாருக்குச் சுளுக்கு, யாருக்கு ஒற்றைத் தலைவலி, எந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றாலும், விருந்துக்கு வந்ததுபோல அந்தக் கை முன்னே வரும், அவர் பின்னே வருவார். அவருடைய மனைவி மட்டும்தான் அந்தக் கையை மதிக்கவில்லை. அந்த அம்மாளுக்குக் காலைப் பேப்பரின் குறுக்கெழுத்துக் கட்டங்கள் உண்டு. அவற்றிலிருந்து நிமிராமலே புருஷனுக்குப் பதில் சொல்லும் வித்தையை நாற்பது வருஷமாகப் பயின்றவர்.

இனிமேல்தான் கோழி வருகிறது.

தையற்காரம்மா புருஷனை இழந்தவர். மகளும் அந்த வேலையோடு தூரமாகப் போய்விட்டாள். மிச்சம் ஒரு தையல் மிஷின், அதைச் சுற்றிப் பள்ளிக்கூடச் சீருடைக்கான நீலத் துணி மலைபோல, பிறகு பழுப்புநிறக் கோழி ஒன்று. அதற்கு மேனேஜரம்மா என்று பேர். ஏன் அந்தப் பேர் என்று அதன் நடையைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். காலையில் கூட்டைத் திறந்தால் நேரே பின்கட்டுக்கு வந்து, வெட்டிப் போட்ட துணிகளின் மேல் ஒருமுறை நடந்து, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் தையலைப் பார்த்து, திருப்தியில்லாமல் ஒரு முனகல் முனகிவிட்டு, மிஷின் மிதிக்கட்டைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மிதி நின்றால் நிமிர்ந்து பார்க்கும். "தைக்கிறேன்டியம்மா, தைக்கிறேன். சித்த மூச்சு விடக் கூடாதா?" என்பார் தையற்காரம்மா. நாள் முழுக்க அந்த வீட்டில் நடக்கும் பேச்சு அவ்வளவுதான். ஆனால் அது இல்லாவிட்டால் அந்த வீட்டில் பேச்சே இல்லை.

ஒருநாள் காலை, மதிலுக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தம் கேட்கவில்லை.

"அண்ணே, மேனேஜரம்மா இன்னிக்கு ஆபீசுக்கு வரலை. கூட்டுக்குள்ளயே நிக்குது. இறகெல்லாம் உப்பிப் போச்சு. கண்ணைத் தொறக்க மாட்டேங்குது."

நம்மவர் காபி டம்ளரை வைத்தார். வலது கை எழுந்தது.

"இங்க பாருங்க," என்றார் மனைவி, கட்டங்களிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது கோழி. அதுக்கு உங்க கைராசியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. சும்மா விடுங்க."

சும்மா விடுவதா? அந்த வார்த்தை அந்த இனத்தின் அகராதியில் கிடையாது. மதிலோரக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். கோழியைத் தூக்கினார், முகத்தைப் பார்த்தார், ஒரு சிறகை விரித்து, வாட்ச் இல்லாத மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிஷம் பிடித்திருந்தார். கோழிக்குச் சிறகில் நாடி ஓடுகிறதா என்று கேட்காதீர்கள். அவரே கேட்கவில்லை.

"பலவீனம்," என்றார். "நேத்து ராத்திரி சாப்பிடலை, அதான். வயித்துல ஏதாவது போனா எழுந்து உக்காந்துரும். நீ போய்த் தையும்மா. இது என் பொறுப்பு."

"நான் வச்ச தீனியைத் திரும்பிக்கூடப் பாக்கலையே அண்ணே."

"நீ வச்சா பாக்காது. என் கையால குடுத்தா வாங்கிக்கும்."

வாங்கிக்கொண்டது என்பதுதான் இதில் விபரீதம். அலகை இரண்டு விரலால் பிரித்து, பாலில் நனைத்த ரொட்டியைக் கோலிக்குண்டளவு உருட்டி உள்ளே தள்ளினால், வாங்கிக்கொள்ளாமல் கோழி என்ன செய்யும்? ராஜினாமாக் கடிதமா எழுதும்? முப்பத்திரண்டு வருஷத் தபால் அனுபவம் அந்த விரல்களில் இருந்தது. தபால்பெட்டியின் வாயில் கடிதம் போடுவதுபோல ஒவ்வோர் உருண்டையாக, மடங்காமல், கசங்காமல் போட்டார். எட்டு மணிக்கு ரொட்டி. ஒன்பதுக்குப் பூண்டு வைத்துப் பிசைந்த சோறு. பத்துக்கு மிளகுத்தூளும் வெல்லமும். பதினொன்றுக்கு, எதற்கும் உடம்பு கேட்கவில்லையே என்று யோசித்து, எல்லாம் கலந்து ஒன்று. நடுவில் தெருவில் போன பால்காரர் எட்டிப் பார்த்து, "அடைக்கு உக்காரப் போகுதோ என்னமோ, விட்டுருங்க சார்" என்றார். அவருக்கு ஒரு பார்வை கிடைத்தது. அதோடு அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

"என்கிட்ட மட்டும் எப்படி வாங்கிக்குது பாத்தியா?" என்றார் மதியம், மனைவியிடம்.

"பாத்தேன். போட்டுக்கிட்டே இருக்கீங்க. போடுறது சரி, எடுக்க ஆள் வந்தாங்களா?"

"என்னது?"

"தபாலு. காலையிலிருந்து பெட்டியில போட்டுக்கிட்டே இருக்கீங்களே, பின்பக்கமா ஏதாச்சும் பட்டுவாடா ஆச்சான்னு கேட்டேன்." மனைவி ஒரு கட்டத்தை நிரப்பினார்.

இதுதான் அன்றைய தினம் அந்தத் தெருவில் பேசப்பட்ட ஒரே புத்தியுள்ள வாக்கியம். ஆனால் சொன்னது மனைவி, கேட்டது புருஷன். அது போய்ச் சேரவில்லை.

மறுநாள் காலை மேனேஜரம்மா நிற்கவும் இல்லை. கூட்டின் மூலையில் உட்கார்ந்து, கழுத்தை ஒருமாதிரி முறுக்கி முறுக்கி நீட்டியது. சிவந்த கொண்டை மங்கிப்போய்க் கிடந்தது. தையற்காரம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். முந்தானையில் குத்திய ஊசியும் நூலும் நேற்றிலிருந்து அப்படியே இருந்தன.

நம்மவர் பார்த்தார். உள்ளுக்குள் லேசாக ஏதோ இடித்தது. ஆனால் சந்தேகம் வந்தால் கையைக் குறைப்பது நம் வழக்கம். கூட்டுவது அவர்கள் வழக்கம். "தொண்டையில அடைச்சிருக்கு. தலைகீழா ஒரு உதறு உதறினா வெளிய வந்துரும்," என்று சொல்லிக்கொண்டே கோழியின் இரண்டு காலையும் பிடித்துத் தூக்கிக் கவிழ்த்தார்.

கோழி கத்தவில்லை. வாயிலிருந்து புளித்த தண்ணீர் ஒழுகியது, மூச்சு கரகரத்தது, சிறகு இரண்டும் தொங்கிவிட்டன.

"விடுங்க!"

தையற்காரம்மா அவரிடம் அதுவரை சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. கோழியைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "விடுங்கண்ணே, செத்துப் போயிரும். எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

கைராசிக்காரரின் கை அந்தரத்திலேயே நின்றது. எங்கே வைப்பதென்று அதற்குத் தெரியவில்லை.

மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள். தையற்காரம்மா கூடையோடு முன்னே. அவர் பத்தடி பின்னே. கூப்பிடவில்லை, ஆனால் போனார். வெளி பெஞ்சில் ஒரு கன்றுக்குட்டியும் தும்மிக்கொண்டிருந்த ஆடும் அவற்றின் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். ஆடு தும்மிய ஒவ்வொரு முறையும் நம்மவர் கை சட்டைப் பை வரைக்கும் போய், திரும்பி வந்தது.

உள்ளே டாக்டரம்மா சின்ன வயசு. கையுறை போட்டுக்கொண்டே நோட்டைத் திறந்தார்.

"பேரு?"

"மேனேஜரம்மா."

"உங்க பேரா?"

"இல்ல டாக்டர், கோழி பேரு."

டாக்டரம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டார். பிறகு கோழியின் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே விரலை வைத்து அமுக்கிப் பார்த்தார். இன்னொருமுறை அமுக்கினார்.

"இங்க தொட்டுப் பாருங்கம்மா. இதுதான் தீனிப்பை. கோழி திங்கிறது எல்லாம் முதல்ல இங்க வந்துதான் தங்கும். சாயங்காலம் நிறைஞ்சிருக்கும், விடியிறதுக்குள்ள காலியாயிரணும். இது காலையில கல்லு மாதிரி இருக்கு. மொதல்ல நூலு, நாரு மாதிரி ஏதோ போய் அடைச்சிருக்கு."

தையற்காரம்மாவின் முகம் வாடியது. "மிஷினுக்குக் கீழ கொத்திக்கிட்டே இருக்கும் டாக்டர். துண்டு நூல் கிடக்கும்."

"அது மட்டும்னா தானாவே கூடப் போயிருக்கலாம். அது மேல ரொட்டி, சோறு, என்னென்னமோ போய் உக்காந்து சிமெண்ட் மாதிரி இறுகிப் போச்சு. சாப்பிடாத கோழிக்கு இவ்வளவையும் ஊட்டுனது யாரு?"

தையற்காரம்மா நம்மவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவரைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கூடையின் விளிம்பில் பிரிந்திருந்த ஓர் ஓலையை மெதுவாகச் செருகிக்கொண்டிருந்தார். அந்த ஓலை செருகி முடிவதற்குள், வகுப்பில் தப்புச் செய்த பையன்போல, நம்மவர் கையைத் தூக்கினார். வலது கையை.

"அலகோரம் புளிச்ச தண்ணி காய்ஞ்சிருக்கு. தலைகீழா பிடிச்சதும்..."

"நானேதான்."

"அந்தத் தண்ணி மூச்சுக்குழல்ல போயிருந்தா இங்க வந்திருக்கவே வேண்டாம்." டாக்டரம்மா தையற்காரம்மாவைப் பார்த்துத் திரும்பினார். "இன்னிக்குத் தீனியே கூடாது. தண்ணி மட்டும். சொட்டு மருந்துக் குழாயால கொஞ்சம் எண்ணெய், அலகு ஓரமா, அதுவா முழுங்கணும். ரெண்டு மணிக்கு ஒரு தடவை தீனிப்பையை இப்படி மெதுவா உருட்டிக் கசக்கி விடுங்க. நாளைக்குக் காலையில பாருங்க. நாளன்னிக்குக் காலையிலயும் கல்லாவே இருந்தா கொண்டு வாங்க, கீறித்தான் எடுக்கணும். மூணு வயசுக் கோழி, தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

"எனக்கு ஏதாவது வேலை உண்டா டாக்டர்?" என்று கேட்டார் நம்மவர். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உண்டு சார். ரொம்ப முக்கியமான வேலை. அந்தக் கையை ரெண்டு நாளைக்கு முதுகுக்குப் பின்னால கட்டிக்கங்க."

உலகத்திலேயே கசப்பான மருந்து எது என்று கேட்டால் வேம்பு என்பார்கள், கொய்னா என்பார்கள். இல்லை. கைராசிக்காரருக்குக் கையைக் கட்டு என்று எழுதிக் கொடுப்பதுதான். அதை இரண்டு நாள் விழுங்க வேண்டும். மதிலோரக் கதவைத் தையற்காரம்மா உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். மூன்று வருஷமாக அந்தத் தாழ்ப்பாளை யாரும் தொட்டதே இல்லை, துருவேறிக் கிரீச்சென்றது. அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தது. அவருக்கென்றே போட்ட சத்தம்போல இருந்தது.

வீட்டுக்குள் நடந்தார். ஜன்னல் வரைக்கும், திரும்பி அடுக்களை வரைக்கும்.

"சும்மா இருக்கிற கையை இந்தப் பாத்திரத்துல வைங்களேன்," என்றார் மனைவி. "ராசியான கை பட்டா கரியெல்லாம் போயிருமாம்."

தேய்த்தார். எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்தார், தேய்த்து வைத்திருந்ததையும் எடுத்துத் தேய்த்தார். காது மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கம். மிஷின் ஓடியது. சீருடைகளைக் கொடுத்தாக வேண்டுமே. ஓடும்; நிற்கும். நின்றால் அவர் கையில் இருக்கும் பாத்திரமும் நிற்கும். உருட்டி விடுகிறாள், இரண்டு மணி ஆகிவிட்டது, அதனால்தான் நிறுத்தியிருக்கிறாள் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சமாதானம் சொல்லிக்கொள்வார். திரும்ப ஓட ஆரம்பித்தால்தான் அவருக்கு மூச்சு வரும். மறுநாள் காலையில் மனைவி மதிலோரம் போய் விசாரித்து வந்து, "கல்லாத்தான் இருக்காம்" என்றார். அன்றைக்கு அந்த அம்மாள் குறுக்கெழுத்தை எடுக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

அன்று சாயங்காலம் மிஷின் நின்றது. கால்மணி ஆயிற்று, அரைமணி ஆயிற்று. ஓடவில்லை.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மதிலோரம் போய் நின்றார். பின்கட்டில் தையற்காரம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் கோழி. மடிப்புத் தையலைக் கட்டைவிரலால் நீவிப் படிய வைப்பதுபோல அதன் நெஞ்சை நீவிக்கொண்டிருந்தார்.

"அங்கயே நில்லுங்கண்ணே."

"தொட மாட்டேம்மா. நிக்கிறேன்."

கட்டைவிரல் இன்னும் நாலு முறை நீவியது.

"உங்களைச் சொல்லி என்ன?" என்றார் தையற்காரம்மா. "கைராசின்னு உங்களுக்கு மொதமொதல்ல பேரு வச்சதே நான்தான்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. பிறகு, முப்பத்திரண்டு வருஷ சர்வீசிலும் அதற்கு அப்புறமும் எந்த விசாரணையிலும் வெளிவராத ஓர் உண்மை அவர் வாயிலிருந்து வந்தது.

"அந்த வாசல் செடிங்க இருக்கே, பட்டுப்போனது. பதினோரு குச்சி."

"ம்."

"தண்ணி ஊத்துனதும் நான்தான்."

தையற்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். உதடு ஓரத்தில் ஏதோ துடித்தது. அழுகையா சிரிப்பா என்று அதற்கே தெரியவில்லை. கடைசியில் சிரிப்பாகத்தான் வெளியே வந்தது, மூக்கு வழியாக. மடி குலுங்கியதில் மேனேஜரம்மா ஒரு கண்ணைத் திறந்து, வேலை நேரத்தில் என்ன இது என்பதுபோல ஒரு முனகல் முனகியது. மூன்று நாளில் முதல் முனகல்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் நம்மவர் மதிலோரம்தான் இருந்தார். கை பின்னால். கூட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம்:

"அண்ணே! தபால் போயிருச்சு!"

"என்னது?"

"அன்னிக்கு அக்கா சொன்னது மதில் தாண்டிக் கேட்டுச்சே, தபாலு! பட்டுவாடா ஆயிருச்சு! கூடு பூரா ஆயிருச்சு! பை தொளதொளன்னு இருக்கு, நீல நூலு இவ்வளவு நீளம் வந்திருக்கு!"

தாழ்ப்பாள் கிரீச்சென்றது. இந்த முறை திறக்கிற பக்கமாக. மேனேஜரம்மா தள்ளாடித் தள்ளாடி வெளியே வந்து, மூன்று நாளாய் மேற்பார்வை இல்லாமல் தைத்து அடுக்கியிருந்த சீருடைகளின் மேல் ஏறி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, மேலே இருந்த சட்டையில் தன் அபிப்பிராயத்தையும் இட்டது. தையற்காரம்மா அதைத் துடைத்துக்கொண்டே அழுதார். நம்மவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இடது கையால். வலது கை கட்டிய இடத்திலேயே இருந்தது என்பதை நான் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். ஏனென்றால் அது அவ்வாறு இருந்தது சரியாக நாலு நிமிஷம்.

ஐந்தாவது நிமிஷம் வீட்டுக்குள் வந்து நாற்காலியில் சாய்ந்தார். பேப்பரை விரித்துக் கட்டங்களுக்குத் திரும்பியிருந்த மனைவியைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணு கவனிச்சியா? ரெண்டே நாள். நான் கையை எடுத்தேன், பொழைச்சுக்கிச்சு. வைக்கிறதுல மட்டும் இல்லடி ராசி. எடுக்கிறதுலயும் இருக்கு."

மனைவி பேனாவை வைத்தார். நாற்பது வருஷத்தில் முதன்முறையாகக் கட்டங்களிலிருந்து முழுசாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அப்போ இன்னும் கொஞ்ச நாள் எடுத்தே வைங்க. தெருவுல எல்லாருக்கும் நல்லாயிரும்."

ஆக, இனத்தைக் காட்டியாகிவிட்டது. நல்ல மனசுக்காரர்கள்தான், அதுதான் தொந்தரவே. ஆகாத மனசென்றால் கதவைச் சாத்திவிடலாம். சிரித்தீர்கள் இல்லையா? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன். கோழி கூட்டுக்குள்ளேயே நிற்கிறது, இறகு உப்பியிருக்கிறது, கண் திறக்கவில்லை என்று தையற்காரம்மா மதிலுக்கு மேலே சொன்னாரே, அந்த இடத்தில், டாக்டரம்மா வருவதற்கு வெகு முன்னாலேயே, "இதுக்கு இன்னது குடுத்தா சரியாப் போயிருமே" என்று உங்கள் மனசுக்குள் ஒன்று தோன்றியதா, இல்லையா?

தோன்றியதா?

எங்கே, கையைக் காட்டுங்கள் பார்க்கலாம். வேண்டாம், வேண்டாம். பின்னாலேயே இருக்கட்டும்.